அவர் சொல்படி, குடிப்பதில்லை

எங்கள் ஊரில் ஒருவருக்குக் கணையம் வீங்கிவிட்டது என்றால் கேட்பதற்கு ஒரே கேள்விதான்: எவ்வளவு குடிப்பீங்க? அவர் சொல்வதை மனதுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மூத்த நர்ஸ் ஒருத்தி காபி குடித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். பின்லாந்தில் பிறந்த எவருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது, எங்கள் அப்பாக்களையும் மாமாக்களையும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள். பூஜ்யத்தை இரண்டால் பெருக்கினால் என்ன வரும் என்று மட்டும் யாரும் யோசித்ததில்லை. ரௌனோ விஷயத்தில் அதை யோசிக்க எங்களுக்குப் பதினான்கு வருஷம் ஆயிற்று.

என் பெயர் தெர்த்து. கிழக்கே பிறந்து, கல்யாணம் ஆகி இந்த ஆற்றுமுகத்து ஊருக்கு வந்தவள். முப்பத்தோரு வருஷம் இங்கே சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊரில் பாதிப் பேர் செபவீட்டுக்காரர்கள், கண்டிப்பான ஒரு கிறிஸ்தவச் சபை. அவர்கள் சாராயத்தைத் தொடுவதில்லை, டிவி வைத்துக்கொள்வதில்லை, பிள்ளைகளை எண்ணிப் பெற்றுக்கொள்வதில்லை. நான் அவர்களைச் சேர்ந்தவள் இல்லை. என் வீட்டுக்காரர் சவுனா என்னும் நீராவி அறையில் குளித்துவிட்டு வந்து பீர் குடிப்பார். அதற்காக யாரும் என்னிடம் முகம் திருப்பிக்கொண்டதில்லை, வெளியாட்களிடம் அவர்கள் அதையெல்லாம் எதிர்பார்ப்பதும் இல்லை.

ரௌனோ செபவீட்டுக்காரர். பால் லாரி ஓட்டுபவர். ஐம்பது பண்ணைகளில் பால் சேர்த்துப் பால்பண்ணைச் சங்கத்துக்குக் கொண்டுபோய் இறக்குவார். 1989 மார்ச்சில் ஒரு நாள் எங்கள் நிலைய முற்றத்தில் அந்தப் பெரிய லாரி வந்து நின்றது. இரண்டாக மடிந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். முகம் சாம்பல் நிறம். அந்த நிலையிலும் என்னிடம் கேட்டது இதுதான்.

"சிஸ்டர், வண்டி ஆம்புலன்ஸுக்கு வழிய மறைக்குதான்னு கொஞ்சம் பாருங்க. பால் எல்லாம் இறக்கிட்டேன், கெட்டுப்போகாது."

படுக்கவைத்தால் துடித்தார். முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தாங்கியது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை துளைக்கிறது என்றார். வாந்தி நிற்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் கணையத்தின் நொதி ஏழு மடங்கு ஏறிக் கிடந்தது. அந்த வருஷம் தெற்கிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேள்வியைக் கேட்டார்.

"எவ்வளவு குடிப்பீங்க?"

"பாலா? ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் இருக்கும்."

"நான் சாராயத்தக் கேட்டேன்."

"அது குடிக்கிறதில்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன். தாளில் எழுதினேன்: அவர் சொல்படி, குடிப்பதில்லை. இந்த 'அவர் சொல்படி'க்கு எங்கள் நிலையத்தில் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். பொய் சொல்கிறார் என்று அர்த்தம். கதவருகே, செய்தி கேட்டு ஓடி வந்த அவர் மனைவி சிர்க்கா ஒரு வயதுக் குழந்தை கைசுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கேள்வியையும் கேட்டாள், நாங்கள் பார்த்துக்கொண்டதையும் பார்த்தாள்.

பெரிய மருத்துவமனையில் ஒன்பது நாள் வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல் டிரிப்ஸிலேயே வைத்திருந்தார்கள். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். இல்லை. கல் இல்லை என்றால் குடி. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள், குடியை விடுவது எப்படி என்று. ரௌனோ அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். துணி துவைக்கும்போது அது சிர்க்கா கையில் கிடைத்தது.

சிர்க்கா கெட்டவள் இல்லை. நானும் அவளும் ஒரே தறிக்கூடத்தில் கந்தல் துணியில் விரிப்பு நெய்தவர்கள். அவள் சிரித்தால் தறிக்கூடம் முழுக்கச் சிரிக்கும். ஆனால் டாக்டர் சொன்னதை நம்பாமல் இருக்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. எங்களில் யாருக்குத்தான் வந்தது? அடுத்தடுத்து ரௌனோவுக்கு வலி வந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் சிர்க்கா அவர் கோட்டை மோந்து பார்த்தாள். விறகுக் கொட்டகையைக் கிளறினாள். சவுனா அடுப்புக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தாள். லாரியில் ஏறி இருக்கைக்கு அடியில் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளிக்கிறார் என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது. அவளுக்குத் தூக்கம் போயிற்று. ஏழு பிள்ளைகளில் பெரியவர்களைக் காலையில் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மேசையில் தலைவைத்து உட்கார்ந்திருப்பாள்.

ஊர் சும்மா இருக்குமா? பண்ணைக்காரர்கள் ரௌனோவிடம், "டேங்குல பால் மட்டும்தானே இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். செபவீட்டில் வேறு மாதிரி நடந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால், "கடவுளின் சமாதானம்" என்று சொல்லிக் கைகுலுக்குவார்கள். எங்களைப் போன்றவர்களிடம் வெறும் வணக்கம்தான். 1993 வாக்கில் ரௌனோவுக்கும் வெறும் வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. கூடப் பிறந்த தம்பியே அஞ்சலகத்தில் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். அதை ரௌனோ என்னிடம் சொன்னபோது, கையில் ஊசி ஏறியிருந்தது, கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

அன்றைக்குத்தான் கேட்டார். "குடிக்கலன்னு காட்டுற மாதிரி ரத்தத்துல டெஸ்ட் ஏதாவது இருக்கா, சிஸ்டர்?"

குடித்தால் காட்டும் டெஸ்ட் உண்டு, குடிக்கவில்லை என்று அடித்துச் சொல்லும் டெஸ்ட் கிடையாது என்றேன். அது உண்மைதான். ஆனால் குடிப்பவர்களுக்கு ஏறும் ஈரல் அளவுகள் அவருக்கு ஏறவே இல்லை. என்னுடையதைவிட அவருடையது சுத்தம். இதை டாக்டரிடம் சொன்னேன். வலி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னாடியே நிறுத்தியிருப்பார் என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

1994 இலையுதிர்காலத்தில், ஒரு ஞாயிறு கூட்டத்தில், ரௌனோ எழுந்து நின்று ஒப்புக்கொண்டார். ரகசியமாகக் குடித்து வந்தேன், எல்லாரிடமும் பொய் சொன்னேன், மன்னியுங்கள் என்று. பிரசங்கியார் எய்னோ, வார நாட்களில் தச்சர், ரௌனோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாவமன்னிப்புச் சொன்னாராம். கூட்டமே அழுததாம். தம்பி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டானாம். மறுநாள் சிர்க்கா ஒரு பிள்ளைக்குக் காதுவலி என்று வந்தாள். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள்.

"பன்னெண்டு மணி நேரம் தூங்குனேன், தெர்த்து. அவரு வந்து எழுப்பவே இல்ல. பிள்ளைங்களுக்குக் கஞ்சி அவரே காய்ச்சிக் குடுத்துட்டாரு."

எனக்குக்கூடச் சந்தோஷமாக இருந்தது. அப்பாடா, ஒரு வழியாக வாயைத் திறந்தாரே என்று.

செபவீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மன்னிப்புக் கிடைத்தால் மட்டும் போதாது. யார் யாரிடம் பொய் சொன்னாயோ அவர்களை நேரில் போய்ப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். எய்னோ அதை ஞாபகப்படுத்தியிருக்கிறார். ரௌனோ ஒவ்வொருவராகப் போனார். சங்கத்துக்குப் போய்ச் சொன்னதும் அவரை லாரியிலிருந்து இறக்கி பால் டேங்க் கழுவும் வேலையில் போட்டார்கள். வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொண்டார். கடைசியாக எங்கள் நிலையத்துக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே நின்றார்.

"சிஸ்டர், அந்தத் தாள்ல மாத்தி எழுதிக்கோங்க. நான் குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"என்ன குடிப்பீங்க?"

ஜன்னலைப் பார்த்தார். "அதான்... கடையில விப்பாங்களே, அது."

"பீரா, வோட்காவா?"

"ரெண்டும்."

"எவ்வளவு?"

"நீங்களே பாத்து எழுதிக்கோங்க."

நானே பார்த்து எழுதினேன். தாராளமாகவே எழுதினேன். குடித்த சரக்கின் பெயரே தெரியாத குடிகாரனை என் வேலைக்காலம் முழுக்க நான் பார்த்ததில்லை. எத்தனை குடிகாரர்களுக்கு நான் வாந்தி துடைத்திருக்கிறேன், அவர்கள் பிராண்டையும் கடையையும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். இருந்தும் வெட்கத்தில் மழுப்புகிறார் என்றுதான் நினைத்தேன். அன்றோடு அவர் கோப்பில் தேடல் நின்றது. 'குடியால் வந்த நாள்பட்ட கணைய அழற்சி, நோயாளி ஒப்புக்கொண்டார்.' அதற்குப் பிறகு வந்த எந்த டாக்டரும் வேறு காரணம் தேடவில்லை. ஏன் தேட வேண்டும்?

அந்தக் குளிர்காலத்தில்தான் கைசுவுக்கு வயிற்றுவலி தொடங்கியது. ஆறு வயது. இரவுச் சாப்பாட்டுக்குப் பன்றிக்கறிக் குழம்பு என்றால் மறுநாள் காலை மடங்கிக் கிடப்பாள். பள்ளி நர்ஸ் வீட்டு விவரம் கேட்டாள். அப்பா குடித்தவர் என்று ஊருக்கே தெரியும், அவரே சபையில் சொன்னதாயிற்றே. குடிகாரர் வீட்டுப் பிள்ளைக்கு வயிறு வலிப்பது புதிதா? மனம்தான் வலிக்கிறது, வயிறு இல்லை என்று முடிவு கட்டினார்கள். குழந்தைகளுக்கான ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் குடும்பத்தை வரையச் சொன்னார். கைசு அப்பாவை லாரியைவிடப் பெரிதாக வரைந்தாள். அது பயத்தைக் காட்டுகிறது என்று குறிப்பு எழுதினார்கள்.

ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? எட்டு வருஷம் அந்தப் பிள்ளை வலி என்று சொல்லும்போதெல்லாம் பெரியவர்கள் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். கடைசியில் அவள் சொல்வதையே விட்டுவிட்டாள். ரௌனோ இதையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் அவருக்குச் சர்க்கரையும் வந்திருந்தது, பாதி எடை போயிருந்தது. ஒரு தடவை இன்சுலின் வாங்க வந்தபோது என்னிடம் சொன்னார், அவள் வலிக்கு நான்தான் காரணம் என்று. குடித்தவர்கள் எல்லாரும் பின்னால் இப்படித்தான் சொல்வார்கள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். சபையில் தான் சொன்ன பொய்க்காகக் கடவுள் பிள்ளையைத் தண்டிக்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது.

2002 இலையுதிர்காலத்தில் கைசு பள்ளியில் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாள். பதினான்கு வயது. எங்கள் நிலையத்தில் அப்போது தற்காலிகமாக டாக்டர் குன்வோர் இருந்தார். தெற்குக் கடற்கரை ஊர்க்காரர், ஸ்வீடிஷ் பேசுகிறவர், எங்கள் ஊர்க் கதை எதுவும் தெரியாதவர். தெரியாமல் இருந்ததுதான் நல்லதாயிற்று. வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் கணைய நொதியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். பிள்ளைக்கு எதற்கு அது என்று நான் வாயைக் கொடுத்தேன். பாருங்கள் என்றார். பார்த்தேன். பத்து மடங்கு.

வெட்கத்தை விட்டு இதையும் சொல்லிவிடுகிறேன். சிர்க்காவை வெளியே அனுப்பிவிட்டு அந்தப் பிள்ளையிடம் நான் கேட்டேன், நீ எவ்வளவு குடிக்கிறாய் என்று. அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "நீங்களுமா, சிஸ்டர்?" என்றாள்.

டாக்டர் குன்வோர் சிர்க்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து வேறு கேள்வி கேட்டார். வீட்டில் வேறு யாருக்கு வயிற்றுவலி என்று.

"இவ அப்பாவுக்கு இருக்கு. ஆனா அது வேற."

"அவரோட அப்பா?"

"அவரு நாப்பத்திநாலு வயசுல போயிட்டாரு. நான் கல்யாணம் ஆகி வர்றதுக்கு முன்னாடியே. சின்ன வயசுலேருந்தே வயித்துவலியாம்."

"அவரும் குடிப்பாரா?"

"அவரு பிரசங்கியாரு," என்றாள் சிர்க்கா, கொஞ்சம் கோபமாக.

கைசுவை ஸ்கேனுக்கு அனுப்ப டாக்டர் சீட்டு எழுதினார். பெரிய மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில் அந்தப் பதினான்கு வயதுக் கணையம் முழுக்கச் சுண்ணாம்புக் கற்கள், கல்லுப்பைத் தூவிவிட்ட மாதிரி. ரௌனோவின் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே படம். இருவர் ரத்தத்தையும் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு ஜனவரியில் வந்தது. ரௌனோ, சிர்க்கா, கைசு மூவரும் டாக்டரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நான் சுவரோரமாக நின்றேன். டாக்டர் நிதானமாகச் சொன்னார். கணையம் சாப்பாட்டைச் செரிக்கச் சாறு சுரக்கிறது. அந்தச் சாறு குடலுக்குள் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் ஒரு மரபணு பிசகியிருக்கிறது, அதனால் சாறு கணையத்துக்குள் இருக்கும்போதே விழித்துக்கொண்டு கணையத்தையே அரிக்கிறது. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து மகளுக்கு. மற்ற பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும்.

"இது குடியால வந்ததில்ல," என்றார்.

"ஆனா இவரு குடிச்சாரே," என்றாள் சிர்க்கா.

டாக்டர் கோப்பைப் பார்த்தார். ரௌனோ தன் முழங்காலைப் பார்த்தார். கைசுதான் திரும்பினாள்.

"அப்பா, நீ குடிச்சியா?"

"இல்லம்மா."

"ஒரு நாள்கூட?"

"அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

"அப்புறம் ஏன் குடிச்சேன்னு சொன்ன?"

"அம்மா தூங்கவே இல்ல, கைசு. அஞ்சு வருஷம். இல்ல இல்லன்னு சொல்லிப் பாத்தேன், அவ தூங்கல. ஆமான்னு சொன்னேன், தூங்கிட்டா."

கைசு எழுந்து நின்றாள். "எனக்கு வலிக்குதுன்னு சொன்னப்ப எல்லாரும் உன்னப் பத்தியே கேட்டாங்க. எட்டு வருஷமா கேட்டாங்க." கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பனியில் நின்றாள். ரௌனோ பின்னாலேயே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் ஏதோ சொன்னார், அவள் முகம் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் மாட்டினார். அவள் அதைக் கழற்றவில்லை. முன்பே தெரிந்திருந்தாலும் நோயை நிறுத்தியிருக்க முடியாது என்று டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். மாத்திரை கொடுத்திருக்கலாம், சாப்பாட்டை மாற்றியிருக்கலாம், வலியை வலி என்று நம்பியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு ரௌனோ மறுபடியும் எழுந்து நின்றார். ஒப்புக்கொண்டதே பொய், அதற்கு மன்னியுங்கள் என்றார். எய்னோவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. நடுங்கிக்கொண்டே எழுந்து வந்து மன்னித்தார். சபையும் மன்னித்தது. ஆனால் பழைய பாவத்தை இப்போது மறைக்கப் பார்க்கிறார் என்று இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். என்னிடமே வந்து எது உண்மை என்று கேட்டார்கள். நோயாளி விஷயத்தைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். எத்தனையோ நாள் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நிம்மதியாக நின்றிருக்கிறேன், அன்றைக்குத்தான் அதை மீறத் தோன்றியது.

அரித்து அரித்துப் புண்ணான கணையத்தில் கடைசியில் புற்று வைப்பது உண்டு. 2004 கோடையில் ரௌனோவின் கண் மஞ்சளாயிற்று. பார்த்தபோது கை மீறிவிட்டது. ஐம்பத்தோரு வயது. வீட்டிலேயே இருக்கிறேன் என்றார். வாரம் இருமுறை நான் வீட்டுக்குப் போய் மருந்து பம்ப்பைப் பார்த்துவிட்டு வருவேன். கைசு பள்ளிவிட்டு வந்ததும் அவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து பாடம் படிப்பாள். இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து ஆளுக்கொரு செரிமான மாத்திரையை எடுத்துச் சாப்பாட்டோடு விழுங்குவார்கள். உன்னுடையதை நான் தின்றேன், என்னுடையதை நீ தின்றாய் என்று கிண்டல் வேறு.

ஜனவரியில் ஒரு நாள் வெளியே வரும்போது சிர்க்கா என்னைச் சமையலறையில் நிறுத்தினாள். அடுப்பில் காபி கொதித்து வழிவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"நான் அவர மன்னிச்சேன், தெர்த்து. எட்டு வருஷமா தினம் ஜெபத்துல நன்றி சொன்னேன், என் புருஷன் திருந்திட்டாருன்னு. அவரும் பக்கத்துல மண்டிபோட்டு ஆமென் சொல்லுவாரு."

நான் அடுப்பை அணைத்தேன்.

"நான்தான் இப்ப மன்னிப்புக் கேக்கணும். ஆனா கேட்டா உடனே குடுத்துடுவாரு. ஒரு வார்த்தை திட்ட மாட்டாரு. அதான் எனக்குத் தாங்காது. நாளைக்குக் கேக்குறேன், நாளைக்குக் கேக்குறேன்னு போய்க்கிட்டு இருக்கு."

கேட்டுவிடு, நாள் அதிகம் இல்லை என்றேன். பெரிய இவள் மாதிரி புத்தி சொன்னேன். ரௌனோ பிப்ரவரி ஒன்பதாம் தேதி மத்தியானம் இறந்தார். சிர்க்கா கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. அந்த எட்டு மாதத்தில் வாரம் இருமுறை அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பனி எவ்வளவு கொட்டியிருக்கிறது, ரோடு எப்படி வழுக்குகிறது என்று பேசினேன். அவரும் பதில் சொன்னார். நான் கேட்கவில்லை.